நாற்பது நாள் தம்பதி யாத்திரை

நம்முடைய கல்யாணங்கள் பலவற்றில் "காசி யாத்திரை" என்று ஒரு சடங்கு நடப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, புதுக் குடையும் கைத்தடியும் பனைவிசிறியுமாகத் தெருவில் இறங்குவார். காசிக்குப் புறப்பட்டு விட்டாராம்! நாலு வீடு தாண்டுவதற்குள் பெண்ணின் தகப்பனார் ஓடி வந்து வழி மறிப்பார். "பெண்ணைக் கொடுக்கிறேன், இல்லறம் நடத்தும், காசிக்குப் பிற்பாடு இருவருமாகவே போகலாம்" என்று சமாதானம் சொல்லித் திரும்ப அழைத்து வருவார். மாப்பிள்ளையும் அதிகப் பிடிவாதம் செய்வதில்லை. நாதஸ்வரக்காரர் ஆனந்தமாக வாசிப்பார். எல்லோரும் பந்திக்குப் போய் விடுவார்கள்.

"பிற்பாடு இருவருமாக" என்ற அந்த வாக்குறுதி என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. முதலில் குழந்தைகள் சிறியவை. பிறகு அவர்களுடைய படிப்பு. அப்புறம் பெண்ணின் கல்யாணம், வீட்டின் மேல்தளம், தாயாரின் முழங்கால் வலி. இவற்றுக்கு நடுவில் வருஷம் தவறாமல் நடவு, களையெடுப்பு, அறுவடை. முப்பது வருஷம் போவது தெரிவதில்லை. கடைசியில் நம் ஊர்த் தம்பதிகளில் பலர் காசிக்குப் போகத்தான் போகிறார்கள். ஆனால் எப்படி? ஒருவர் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்து போகிறார். மற்றவர் துணியால் வாய் கட்டிய ஒரு சிறு கலசத்தில், அவருடைய மடியில் இருந்தபடி போகிறார்.

இருவரும் உட்கார்ந்து போகும் காலத்திலேயே போய் வருவது எப்படி என்று இக்கட்டுரையில் விசாரிக்கலாம். தஞ்சாவூர் ஜில்லாவில் நிலமும் வீடும் மோட்டார் வண்டியும் உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்துத் தம்பதி, சொந்த வண்டியிலேயே நாற்பது நாளில் பாரத தேசத்தின் ஒரு பெரும் பகுதியைப் பார்த்துத் திரும்பலாம். அதற்குத் தேவையானது பணத்தை விட யோசனை. யோசனையை விட, தேதி குறிப்பது.

பழைய வழிப்போக்கர்கள்

சோழ நாட்டிலிருந்து நெடும் பயணம் போன தம்பதிகளுக்குள் மிகப் புகழ் பெற்றவர்கள் கோவலனும் கண்ணகியுந்தான். அவர்கள் பயணத்துக்கு ஏற்பாடு செய்த விதத்தைச் சற்றுக் கவனியுங்கள். விடியுமுன், ஒருவருக்கும் சொல்லாமல், புகாரை விட்டுக் கிளம்பினார்கள். மூலதனம் கண்ணகியின் காற்சிலம்பு. காவிரியின் வடகரையோடு ஒரு காத தூரம் நடந்து களைத்த பிறகே, "மதுரை என்பது எது?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். இன்னும் முப்பது காதம் என்று சொல்ல மனம் வராத கோவலன், அதைச் சுற்றி வளைத்துச் சொல்லி, பக்கந்தான் என்று சிரிக்கிறான். வழி எத்தனை, எது நல்ல வழி என்பதையோ, உறையூர் தாண்டிய பிறகு மாங்காட்டு மறையவன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள். கொடும்பாளூரில் வழி மூன்றாகப் பிரிகிறது என்று அவன் விவரிக்கிறான். புறப்பட்டதோ கோடைக் காலம். பகலில் நடக்க முடியாமல் இரவில் நடந்தார்கள்.

காவியத்துக்கு இது அழகு. நமக்கு இது பாடம். தூரம், வழி, பருவம், கைப்பணம் ஆகிய நான்கையும் மனைவிக்குப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இன்னும் சிலாக்கியமானது, அந்த நான்கையும் அவளோடு சேர்ந்தே தீர்மானிப்பது.

இரண்டாவது பிரயாணி, தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி. அவர் 1820-ல் காசி யாத்திரை புறப்பட்டார். கூடச் சென்றவர்கள் சுமார் மூவாயிரம் பேர். ராஜாக்களின் ஏற்பாடு நமக்கு எட்டாது என்று தள்ளிவிட வேண்டாம். காசியிலிருந்து அவர் ஏராளமான சம்ஸ்கிருதச் சுவடிகளைக் கொண்டு வந்தார். அவை இன்றும் தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. யாத்திரையிலிருந்து வீட்டுக்கு என்ன கொண்டு வருவது என்பதற்கு இது ஒரு நல்ல திருஷ்டாந்தம்.

வழிப்போக்கருக்காக அவர் செய்த காரியம் அதைவிடப் பெரியது. தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகும் ரஸ்தாவில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் என்ற அம்மையார் பெயரால் அவர் 1802-ல் ஏற்படுத்திய சத்திரத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. இத்தகைய சத்திரங்களின் நடைமுறையை விளக்கி 1801-ல் ஆங்கில ரெஸிடெண்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எந்த ஜாதியாராயினும் எந்தத் தேசத்தாராயினும் அங்கே சோறு உண்டு என்றும், நோயாளிகளுக்கு வைத்தியர் உண்டு என்றும், கர்ப்பிணிகள் அங்கேயே பிரசவித்துத் தேறும் வரையில் பராமரிக்கப்படுவார்கள் என்றும் அக்கடிதம் கூறுகிறது. நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்பது அதன் பொருள். வழியில் போகிறவன் பட்டினி கிடக்கக் கூடாது என்ற கவலை நம்முடைய நாட்டில் எவ்வளவு ஆழமாக இருந்தது, பாருங்கள்!

மூன்றாவது பிரயாணம் 1930-ல் நடந்தது. ராஜாஜியின் தலைமையில் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 150 மைல், நாளொன்றுக்குச் சுமார் பத்து மைல், பதினைந்து நாள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகச் சென்று, 28-ந் தேதி வேதாரணியம் சேர்ந்து, 30-ந் தேதி உப்பு எடுத்தார்கள். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டுப் பொட்டணங்களை ரஸ்தா ஓரத்து மரக் கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள்! அந்த ரஸ்தாவில் இன்று மூன்று நான்கு மணி நேரத்தில் மோட்டாரில் போய்விடலாம். அவர்களுடைய கணக்கில் மட்டும் ஒன்றை நாம் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். உடம்பு தாங்கக் கூடிய தூரத்தை நாள் வாரியாகப் பிரித்து வைத்துவிட்டே அவர்கள் கிளம்பினார்கள்.

எப்போது புறப்படுவது?

நம் ஜில்லாக்காரருக்குப் பஞ்சாங்கம் இரண்டு. ஒன்று பாம்புப் பஞ்சாங்கம். மற்றொன்று மேட்டூர்ப் பஞ்சாங்கம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து, ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-ந் தேதி மூடுவது என்பது வழக்கமாக இருந்து வருகிறது. தண்ணீர் இருப்பைப் பொறுத்துத் தேதி மாறுவதும் உண்டு. 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரையில் காத்திருக்க நேர்ந்தது. எப்படியானாலும், குறுவை, சம்பா, தாளடி என்று ஆனி மாதம் முதல் தை வரையில் விவசாயக் குடும்பத்துக்கு நகர வழியில்லை.

தையில் சம்பா அறுவடையாகிறது. கதிர் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாகவே, ஈரம் காயாத வயலில் உளுந்தையோ பச்சைப் பயறையோ தெளித்து விடுகிறோம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, வைக்கோலைப் போர் போட்டதும், வயலில் பயறு தானாக வளர்ந்துகொண்டிருக்கும். அது காய் முற்றிப் பறிப்புக்கு வரப் பங்குனிக் கடைசியாவது ஆகும். ஆகவே மாசி முதல் தேதி தொடங்கிப் பங்குனி பத்தாந் தேதி வரையில், அதாவது ஏறக்குறைய பிப்ரவரி 13-லிருந்து மார்ச்சு 24 வரையில், நாற்பது நாள் நம்முடையவை.

இனி வட தேசத்துப் பருவத்தைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியில் மூடுபனி ரஸ்தாவை மறைத்துவிடும். சித்திரை பிறந்தாலோ நாகபுரிப் பக்கம் வெயில் உடம்பை வாட்டும். வைகாசியில் 45 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. பனி விலகி, வெயில் ஏறுவதற்கு முன் உள்ள நல்ல பருவம் மாசியும் பங்குனி முற்பகுதியுந்தான். நமது வயல் நமக்குக் கொடுக்கும் விடுமுறையும், வட நாட்டு வானம் கொடுக்கும் அனுமதியும் இப்படி ஒன்றாகப் பொருந்தியிருப்பது ஒரு பெரிய சௌகரியம்.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகள் மட்டும் வேண்டும். மாசியில் மகா சிவராத்திரி வருகிறது. அன்று காசியில் தெருவில் கால் வைக்க இடம் இராது. பிரயாகையில் மாக மேளாவின் கடைசி ஸ்நானமும் அன்றுதான். கூட்டத்தில் கலந்துகொள்ளும் ஆசையுள்ளவர்கள் அதற்கென்றே போகலாம். மற்றவர்கள் அதற்கு ஒரு வாரம் தள்ளிப் போய்ச் சேருமாறு திட்டமிட வேண்டும். ஹோலிப் பண்டிகை அன்று வண்டியை எடுக்காமல் இருப்பது நலம். இல்லாவிட்டால் வண்டியின் நிறமும் வேறு, நமது நிறமும் வேறு ஆகிவிடும்!

எந்த வழியாக?

ராமேசுவரத்து மணலை எடுத்துப் போய்த் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரை எடுத்து வந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வது பழைய முறை. அந்த முறையை அனுஷ்டிக்க விரும்புகிறவர்கள் முன்னால் மூன்று நாளும் பின்னால் மூன்று நாளும் தனியே ஒதுக்கிக்கொள்ளலாம். போகும்போது ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் எதிரில் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தினால் நன்றாயிருக்கும்.

பெரிய வட்டம் தஞ்சாவூரிலிருந்து தொடங்குகிறது. திருச்சி, நாமக்கல், சேலம் போய், முதல் இரவை மேட்டூரில் கழிக்க வேண்டும். சேலத்திலிருந்து அது 50 கிலோமீட்டர் தூரந்தான். ஆயுள் முழுவதும், "மேட்டூரில் எத்தனை அடி?" என்று பத்திரிகையில் முதலில் அந்த மூலையைப் பார்த்தவர்கள், 120 அடி என்பது கண்ணுக்கு எப்படியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும்.

பிறகு 44-ஆம் எண்ணுள்ள தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் இந்த ரஸ்தாவில் ஓசூர், பெங்களூர், அனந்தப்பூர், கர்னூல், ஹைதராபாத், நாகபுரி என்று வடக்கே ஏற வேண்டும். கர்னூலில் துங்கபத்திரை, அதற்கு அப்பால் கிருஷ்ணை, நிர்மல் பக்கம் கோதாவரி என்று ஒவ்வொரு நதியாகப் பாலத்தின் கீழே வரும். நாகபுரிக்கு வடக்கே பெஞ்ச் புலிக் காட்டுப் பகுதியில், மிருகங்கள் கீழே நடமாடுவதற்கென்று ரஸ்தாவையே உயரமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாம் மேலே போக, புலி கீழே போகும். மரியாதையான ஏற்பாடு! ஸிவனியைத் தாண்டிக் கிளை பிரிந்து ஜபல்பூர் போனால் நர்மதை. அங்கே பேடாகாட்டில் வெண்சலவைக் கற்பாறைகளுக்கு நடுவே அந்த நதி நுழைந்து போகிறது. ரேவா வழியாகப் பிரயாகை. அங்கிருந்து சுமார் 125 கிலோமீட்டரில் காசி. தஞ்சாவூரிலிருந்து காசி வரையில் சுமார் 2,200 கிலோமீட்டர்.

திரும்புகிற வழி வேறாக இருக்க வேண்டும். கயை, ராஞ்சி வழியாக ஒடிசாவில் இறங்கி, புரி. சிலிகா ஏரியை ஒட்டித் தெற்கே விசாகப்பட்டினம், ராஜமகேந்திரவரம், விஜயவாடா, நெல்லூர், சென்னை, தஞ்சாவூர். இது சுமார் 2,600 கிலோமீட்டர். அங்கங்கே ஊர் சுற்றுவதையும் சேர்த்தால் மொத்தம் 5,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழியில் ஒரு விசேஷம் உண்டு. ஸ்நானம் செய்யும்போது கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி என்று ஏழு நதிகளின் பெயரையும் சொல்லிக் குடத்து நீரைத் தலையில் விட்டுக்கொள்கிற வழக்கம் நமக்கு இருக்கிறது. அந்த ஏழில் ஐந்தை இந்த யாத்திரையில் கண்ணாலேயே காணலாம். சரஸ்வதியைத் திரிவேணியில் நம்பிக்கையால் காணலாம். சிந்து ஒன்றுதான் பாக்கி. அது லடாக்கில் ஓடுகிறது. இன்னொரு வருஷத்துக்கு இருக்கட்டும்.

விவசாயக் கண் உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று. போகும்போது கிருஷ்ணையையும் கோதாவரியையும் பீடபூமியின் மேலே கடக்கிறோம். வரும்போது அதே நதிகளை அவை நெல் விளைக்கும் சமவெளியில் கடக்கிறோம். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை, காவேரி என்று நான்கு டெல்டாக்கள் வரிசையாக வரும். நம் வயலில் நெல் தாளுக்கு நடுவே உளுந்து நிற்கும் அதே பங்குனியில், கோதாவரிப் பக்கம் இரண்டாம் போகம் பச்சைப் பசேலென்று நிற்கும். அதற்கு நீர் கொடுக்கும் தௌலேசுவரம் அணையை 1847-லிருந்து 1852 வரையில் கட்டியவர் ஆர்தர் காட்டன். அவர் அதற்கு முன்பே நம் கொள்ளிடத்தில் முக்கொம்பு அணையைக் கட்டியவர். மணலின் மேல் கற்களைப் போட்டு நிற்க வைத்த கல்லணையைக் கண்டு வியந்து பாடம் கற்றவர். கரிகாலன் பெயரால் வழங்கும் நம் ஊர்க் கல்லணையின் வித்தை கோதாவரியில் போய்ப் பயிர் விளைத்திருக்கிறது என்பதை, அந்த வயலின் ஓரத்தில் நின்று நினைக்கும்போது தேசம் என்ற சொல்லுக்கு ஒரு புது அர்த்தம் கிடைக்கும்.

இரண்டு பட்டியல்கள்

5,000 கிலோமீட்டரை நாளைக்கு 250 வீதம் ஓட்டினால் இருபது நாள். மீதி இருபது நாள் வண்டி நிற்க வேண்டும். ஓடுகிற நாளும் நிற்கிற நாளும் சமமாக இருக்க வேண்டும் என்பதே நெடும் பயணத்துக்கு முதல் விதி. நின்ற இடத்தில்தான் ஊர் தெரியும். ஓடும்போது ரஸ்தாதான் தெரியும்.

நிற்கும் இருபது நாளை எப்படிப் பங்கிடுவது? இங்கேதான் பல யாத்திரைகள் வீட்டு வாசலிலேயே முடிந்துபோகின்றன. கணவர் ஒரு திட்டம் போட்டுவிட்டு, "எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன், நீ புடவையை மட்டும் எடுத்து வை" என்கிறார். அந்த அம்மாள் புடவையை எடுத்து வைப்பதற்குப் பதிலாக, "மாமியாருக்கு முடியவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறாள். தனக்குப் பங்கில்லாத திட்டத்தைத் தள்ளிப் போடுவது யாருக்கும் சுலபம்.

அதற்கு ஒரு யுக்தி உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இடப் பக்கத்தில் மனைவியும் வலப் பக்கத்தில் கணவரும், ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், பத்துப் பத்து ஆசைகளை எழுத வேண்டும். பிறகு மாற்றிப் படிக்க வேண்டும். வலங்கைமான் பக்கத்து மிராசுதார் ஒருவர் இப்படி எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். மேட்டூர் அணை, ஹைதராபாத்து சாலார்ஜங் மியூசியம், நாகபுரியில் ஆங்கிலேயர் தூரம் அளக்க நட்ட கல், தௌலேசுவரம் அணை என்று போகிறது அவர் பட்டியல். அம்மாளின் பட்டியலை வாங்கிப் பார்க்கிறார். பேடாகாட்டில் படகு, காசியில் பட்டு நெய்கிற தெரு என்று இரண்டு ஊர்தான் இருக்கின்றன. மற்றவை வேறு ரகம்.

"இது என்ன, 'பத்து நாளாவது யாராவது பரிமாற, நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்' என்று எழுதியிருக்கிறாயே?"

"ஏன், அது ஓர் இடம் இல்லையா?"

"இடந்தான். 'ஹைதராபாத்துக்கு அப்பால் நேர் ரஸ்தாவில் நான் வண்டி ஓட்ட வேண்டும்' என்றும் இருக்கிறதே!"

"லைசென்ஸு வாங்கி நாலு வருஷம் ஆகிறது. கும்பகோணம் கடைத் தெருவைத் தாண்டி நீங்கள் எங்கே ஓட்ட விட்டீர்கள்?"

மிராசுதார் பதில் சொல்லவில்லை. அடுத்த வரியைப் படித்தார். "ஒரு நாள் முழுவதும் ஒன்றும் பார்க்காமல், ஒன்றும் செய்யாமல், ஒரு நதிக்கரையில் இருக்க வேண்டும்" என்றிருந்தது. முப்பது வருஷமாக விடியற்காலையில் எழுந்து அடுப்படிக்குப் போகிறவள் எழுதிய வரி அது. அவர் பேனாவை எடுத்துத் தம் பட்டியலில் இரண்டு மியூசியங்களை அடித்துவிட்டு, அந்த வரியை நர்மதைக்கு நேரே எழுதினார்.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் நோட்டுப் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். இரு பட்டியலிலும் ஒத்து வரும் இடங்களுக்கு முதலில் நாள் ஒதுக்கி, மிஞ்சிய நாளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதே நியாயம். வண்டியையும் இருவரும் மாறி மாறி ஓட்டினால் 250 கிலோமீட்டர் யாருக்கும் பாரமாகாது. ஒருவர் மட்டுமே ஓட்டினால், மற்றவர் நாற்பது நாளும் சாமானோடு சாமானாகத்தான் போக வேண்டும்.

செலவும் ஜாக்கிரதையும்

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் சுமார் 333 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 33,000. தங்குவதற்கு இரவுக்கு 2,000 வீதம் 80,000. சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் நாளைக்கு ஆயிரம் வீதம் 40,000. சுங்கச் சாவடிகளில் பாஸ்டாக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டு 15 முதல், தேசிய நெடுஞ்சாலைகளில் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 தடவை கடக்கும் வருஷ பாஸ் ஒன்றும் ஏற்பட்டது. எதிர்பாராத செலவுக்கு 24,000. ஆக மொத்தம் 1,80,000 ரூபாய். குவிண்டாலுக்கு 2,500 என்று கணக்கிட்டால் 72 குவிண்டால் நெல். அறுபது கிலோ மூட்டையில் 120 மூட்டை. சிறிய தொகை என்று சொல்ல மாட்டோம். ஆனால் கல்யாண ரிஸப்ஷன் ஒரு மாலையில் இந்தத் தொகையை எப்படி விழுங்குகிறது என்பதைக் கண்டவர்கள், நாற்பது நாளுக்கு இது அதிகம் என்று சொல்லவும் மாட்டார்கள்.

பணத்தை இருவர் கையிலும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஐம்பது நாள் மாத்திரையும், டாக்டர் சீட்டின் இரண்டு நகல்களும் எடுத்துப் போக வேண்டும். டயரையும் பிரேக்கையும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகப் பார்த்தாக வேண்டும்; முதல் நாள் பார்த்தால், பழுதைக் கண்டுபிடிக்கலாமே தவிரத் திருத்த முடியாது. சூரியன் உதித்த பின் புறப்பட்டு, அஸ்தமிக்கும் முன் ஊர் சேர வேண்டும். இரவில் லாரி வெளிச்சமும், ரஸ்தாவில் படுத்திருக்கும் மாடுகளும் பொல்லாதவை. நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112 என்ற டெலிபோன் எண்கள் இருவருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

காசியில் நம்மவர்களுக்கு அந்நியம் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் அங்கே நிறுவிய மடத்தின் தலைமை இடம் பிற்காலத்தில் நம் திருப்பனந்தாளுக்கு வந்தது. அதனால்தான் அதற்குக் காசி மடம் என்று பெயர். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-ல் ஏற்படுத்திய சத்திரமும் அங்கே இருக்கிறது. விசுவநாதர் பூஜைக்கு அங்கிருந்து திரவியங்கள் நாள்தோறும் போகின்றன. கங்கைக் கரையில் தமிழ்ப் பேச்சு காதில் விழும்போது, காவேரி அவ்வளவு தூரத்தில் இல்லை என்றே தோன்றும்.

வீட்டை விட்டுப் போவது

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு தடை நிற்கிறது. அதுதான் வீடு. மாட்டை யார் பார்ப்பது? மாமியாருக்கு யார் கஞ்சி போடுவது? உளுந்தில் மஞ்சள் நோய் கண்டால் யார் மருந்தடிப்பது? இவை சாக்குகள் அல்ல, நிஜமான கேள்விகள். ஆகவே நிஜமான பதிலும் வேண்டும். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே, கார்த்திகையில், பிள்ளைகளுக்கு எழுதிவிட வேண்டும். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகன் பத்து நாள், சென்னையிலுள்ள பெண் பத்து நாள் என்று வந்து பாட்டியோடு இருக்கட்டும். மீதி நாளுக்கு உறவினரை வேண்டிக்கொள்ளலாம். உதவிக்கு வருகிற அம்மாளுக்குக் கூடுதல் சம்பளம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். வயலை அடுத்த வயல்காரரிடம் ஒப்படைத்து, அவர் யாத்திரை போகும் வருஷத்தில் அவருடையதை நாம் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கலாம். ஒரு தம்பதி போய் வந்தால், இப்படித் தெருவே போய் வரும்.

தாயார் இல்லாமல் வீடு நாற்பது நாள் நடக்குமா என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரலாம். நடக்கும். ஆனால் கொஞ்சம் நொண்டி நடக்கும். அது நொண்டுவதைப் பார்க்கும்போதுதான், அவள் இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியவரும்.

பிரயாகையில் தென்னாட்டுத் தம்பதிகள் செய்யும் சடங்கு ஒன்று இருக்கிறது. அதற்கு வேணி தானம் என்று பெயர். மனைவியை அருகில் உட்கார வைத்துக் கணவரே அவள் தலையை வாரிப் பின்னிப் பூச்சூட்டி, பின்னலின் நுனியைச் சிறிது கத்தரித்துத் திரிவேணியில் விட வேண்டும். பின்னத் தெரியாத கணவர்களின் விரல்கள் சிக்கிக்கொள்வதையும், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பதையும், அந்த அம்மாள் குனிந்த தலை நிமிராமல் தானும் சிரிப்பதையும் அங்கே காணலாம். ஒருவர் தலையை மற்றவர் வாருவதற்கு இருவரும் இருக்க வேண்டும். சாஸ்திரம் அதற்கு வேறு மாற்று வைக்கவில்லை.

கயையில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் ஒரு இலையையும் விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். விட்டதை அப்புறம் ஆயுளில் தொடக் கூடாது. கணவர்கள் சாதாரணமாகப் பாகற்காயை விட்டுவிட்டு வருவது வழக்கம்; அதைச் சாப்பிடாதிருக்க அவர்களுக்கு வெகு நாளாக ஆசை. பாகற்காயோடு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிற பேச்சையும் அங்கேயே விட்டு வந்தால் நல்லது. ஆனால் அதை விடுவதற்குக் கயை வரையில் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேருவதற்கோ அதை முன்னதாகவே விட்டாக வேண்டும். ஆகவே நேயர்கள் இன்று மாலையே காலண்டரை எடுத்து, வருகிற மாசி முதல் தேதியில் ஒரு வட்டம் போடுவார்களாக. வட்டத்தை யார் போடுவது என்பதில் மட்டும் விவாதம் வேண்டாம். பென்சிலை அம்மாளிடம் கொடுத்து விடுங்கள்.